விட்டுப்போன பெட்டிச் செய்தி

செப்டம்பர் 4, திங்கள்

இன்றைக்கு ஒரு படகை ஓட்டிப் பார்த்து மதிப்புரை எழுதி முடித்தேன். ஓட்டியது என் மேஜையில்தான். தயாரிப்பாளர் அனுப்பிய வழவழ காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஒரு கையில் காபி, ஒரு கையில் பேனா. எனக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வாசகர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. ‘படகும் அலையும்’ மாத இதழ் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படகே இல்லாதவர்கள். நான் எழுதுவதைப் படித்துத்தான் அவர்கள் கடலுக்குப் போய்வருகிறார்கள். நான் மட்டும் எதற்கு உண்மையாகப் போகவேண்டும்?

ஆனால் குரோம்பேட்டையில் குலசேகரன் என்று ஒரு ஜென்மம் இருக்கிறதே! மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். மாதம் தவறாமல் கடிதம். இந்த மாதக் கடிதத்தைக் கேப்டன் கூட்டத்தில் உரக்கப் படித்தார். “சென்ற இதழில் உதவி ஆசிரியர் அனுசூயா அவர்கள் பின் இருக்கையில் சாய்ந்தபடி அஸ்தமனம் பார்த்ததாக எழுதியிருந்தார். அந்தப் படகில் பின் இருக்கையே கிடையாது. தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். புதுப்பெண் யூஜினா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டாள். அது சிரிப்பதைவிட மோசம்.

ஆசிரியர் நாற்காலி ஜூனிலிருந்து காலியாக இருக்கிறது. “தீபாவளிக்குள்ள சொல்லிடறேன்” என்கிறார் கேப்டன் ஜெயசீலன். இதழுக்கு அவர்தான் முதலாளி. கப்பலில் கேப்டனாக இருந்தவர். கரைக்கு வந்தும் பட்டத்தை விடவில்லை. அந்த நாற்காலிக்கு வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், யூஜினா வரும்வரை.

செப்டம்பர் 12, செவ்வாய்

யூஜினா தூத்துக்குடிக்காரி. பாய்மரப் படகுப் போட்டிகளில் மெடல் வாங்கியவள். நிஜமாகவே தண்ணீரில் இறங்கிவிட்டு வந்து எழுதுகிறாள், தலைமுடியெல்லாம் உப்பு. அக்டோபர் இதழுக்கு ‘சிப்பிக்குப்பம்: அரைநாள் துடுப்பு வழி’ என்று ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறாள். ஜூலையில் போய்வந்தாளாம். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து, உப்பங்கழி கடலில் சேரும் கழிமுகத்தை அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். சின்னப்பிள்ளைகூட கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப்படகை ஓட்டலாம். சவுக்குத்தோப்பில் கிளம்பி மணல்திட்டில் முடிகிறது வழி.

கட்டுரைக்கு அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தி வைத்திருந்தாள். ‘பெருமழை பெய்துவிட்டால் இந்த வழியில் போகவே போகாதீர்கள். கழி நிரம்பியதும் மீனவர்கள் மணலை வெட்டி முகத்தைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் முழுவதும் கடலுக்குப் பாயும். துடுப்பால் எதிர்த்து நிற்க முடியாது.’

கேப்டன் படித்துவிட்டு, “இந்த வருஷம் நம்ம புக்ல வந்ததுலயே இதாம்மா பெஸ்ட்டு. அந்த பாக்ஸ் இருக்கு பாரு, அதுதான் ஒரு எடிட்டருக்கு இருக்கவேண்டிய பொறுப்பு” என்றார். என் முன்னாலேயே சொன்னார். எடிட்டருக்கு!

மதியம் கொண்டுபோன எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டினேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

அக்டோபர் பக்கங்களை மூடும் நாள். எங்கள் இதழ் அரை மாதம் முன்னாலேயே அச்சுக்குப் போய்விடும். வெயிலில் உட்கார்ந்து மழைக்கால இதழும், மழையில் உட்கார்ந்து பொங்கல் இதழும் தயாரிப்பது எங்கள் தலையெழுத்து.

என் படகு மதிப்புரைக்கு எட்டு வரி இடம் போதவில்லை. பக்கத்துப் பக்கத்தில் யூஜினாவின் பெட்டி. பக்க வடிவமைப்பாளர் ஏகாம்பரத்திடம் அதைத் தூக்கச் சொன்னேன்.

“மேடம், அது அந்தப் பொண்ணு கண்டிப்பா இருக்கணும்னு சொன்னது மேடம். ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?”

“அவ ஊர்லயே இல்ல, மண்டபம் கடல்ல ரேஸ்ல இருக்கா. நான் என்ன இங்க டீ வாங்கிட்டு வர்ற ஆளா? தூக்குங்க.”

தூக்கினார். போகாதீர்கள் என்று சொல்வதற்கா ஒரு பத்திரிகை நடத்துகிறோம்? எட்டு வரி போக மீதி இடத்தில் என் புகைப்படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன். பக்கம் நன்றாக வந்திருக்கிறது.

அக்டோபர் 3, செவ்வாய்

இதழ் கடைகளுக்குப் போய்விட்டது. காலையிலேயே யூஜினா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மேடம், பெட்டியக் காணோமே.”

“இடமில்லம்மா.”

“அது இல்லாம இந்தக் கட்டுரையே வந்திருக்கக்கூடாது மேடம். யாராவது நம்பிப் போயிட்டா செத்துருவாங்க.”

“நவம்பர் இதழ்ல போட்டுக்கலாம்.”

“மழை நவம்பர் இதழுக்காகக் காத்துக்கிட்டா கிடக்கும்?”

என்ன வாய்! கேப்டன் கொச்சிக்குப் படகுக் கண்காட்சிக்குப் போயிருக்கிறார். அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் மனிதர் அங்கே ஆயிரம் வேலையில் இருப்பார், தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் யூஜினா மறுபடி கேட்டாள். கேப்டனுக்குத் தெரியும் என்றேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. கம்ப்யூட்டர், கேமரா, ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் பொட்டு. மாதிரிக்கு வந்த ரப்பர் படகுக்கும் ஏகாம்பரம் சந்தனம் தடவிவிட்டார். பொரி, சுண்டல். கேப்டன் என்னிடம் தனியாக, “ரெண்டு பேர்ல யாருன்னு எனக்கே கொழப்பமா இருக்கு அனுசூயா” என்றார். பதினோரு வருஷம் உழைத்தவளிடம் சொல்கிற பேச்சா இது? சிரித்துவைத்தேன்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 26, வியாழன்

மூன்று நாளாகக் கொட்டுகிறது. மின்சாரம் போய்ப் போய் வருகிறது. யூஜினா நனைந்த நாய்க்குட்டி மாதிரி ஓடிவந்தாள்.

“மேடம், சிப்பிக்குப்பத்துல காலையில முகம் வெட்டிட்டாங்களாம். எனக்குத் தெரிஞ்ச அண்ணன் போன் பண்ணாரு. தண்ணி குதிச்சுக்கிட்டுப் போகுதாம். நம்ம பேஸ்புக்ல ஒரு எச்சரிக்கை போட்டுருவோம். பாஸ்வேர்டு குடுங்க.”

“திங்கக்கிழமை போடலாம்.”

“நடுவுல ஞாயித்துக்கிழமை இருக்கு மேடம்! ஆளுங்க போறதே ஞாயித்துக்கிழமைதான்.”

இப்போது எச்சரிக்கை போட்டால், இதழில் ஏன் போடவில்லை என்று கேள்வி வரும். கேப்டன் முடிவெடுக்கிற நேரம் பார்த்தா இதெல்லாம்? இந்த மழையில் எந்தப் பைத்தியக்காரன் போவான்?

“அப்ப நான் என் பக்கத்துலயாவது போடுறேன்” என்றாள்.

“உன் பக்கம், உன் இஷ்டம்” என்றேன்.

அக்டோபர் 27, வெள்ளி

மழை விட்டுவிட்டது. துணிகளைக் காயப்போட்டுவிட்டு அலுவலகம் வந்தால் முதல் போனே குலசேகரன். காற்றடித்து மிதக்கவிடும் கயாக் ஒன்று வாங்கியிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை சிப்பிக்குப்பம் போகலாம் என்று இருக்கிறாராம். கட்டுரையில் மழையைப் பற்றி ஒன்றும் இல்லையே, அது ஒரு குறைதானே மேடம் என்று ஆரம்பித்தார். கூடவே பின் இருக்கை விஷயத்துக்கு இதழில் திருத்தம் எப்போது வரும் என்றும் ஒரு கேள்வி.

தக்க பதில் கொடுத்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டார். மனசுக்கு எவ்வளவு நிம்மதி!

அக்டோபர் 29, ஞாயிறு

மாவு அரைத்தேன். நல்ல வெயில்.

அக்டோபர் 30, திங்கள்

குலசேகரன் செத்துப்போனார்.

நேற்றுக் காலை தனியாகப் போயிருக்கிறார். கழியில் இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தண்ணீர் அவரை முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கரையிலிருந்து கத்தியிருக்கிறார்கள். அவரும் துடுப்பைப் போட்டுப் போட்டுப் பார்த்தாராம். அலை உடைகிற இடத்தில் கயாக் கவிழ்ந்தது. இன்று விடியற்காலை அடுத்த குப்பத்தில் உடல் ஒதுங்கியது. லைஃப் ஜாக்கெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் எங்கள் இதழிலிருந்து கிழித்த பக்கங்கள்.

யூஜினா மதியத்துக்கு மேல்தான் வந்தாள். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வரைக்கும் கேட்டது.

பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேரன் பேத்தி எடுக்கிற வயதில் கயாக் எதற்கு? நான் அவரைத் தண்ணீரில் தள்ளிவிட்டேனா என்ன?

அக்டோபர் 31, செவ்வாய்

கேப்டன் அறைக்கு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். நான், யூஜினா, ஏகாம்பரம். மேஜையில் அக்டோபர் இதழ்.

“பத்திரிகைக்காரங்க போன் பண்றாங்க. மழையில போகாதேன்னு ஏன் போடலைன்னு கேக்கறாங்க. நான் படிச்சப்ப ஒரு பாக்ஸ் இருந்துச்சே?”

“நான் எழுதிக் கொடுத்தேன் சார். எடுத்தது நான் இல்ல. இடமில்லன்னு மேடம்தான் சொன்னாங்க” என்றாள் யூஜினா. குரல் உடைந்துபோயிருந்தது.

நான் நிதானமாகப் பேசினேன். “சார், கடைசிப் பிரதியில பெட்டி இல்ல. யூஜினாவே எடுத்திருக்கணும். தன் கட்டுரையில குறை இருக்குன்னு அவளுக்கே தெரிஞ்சுதான் வியாழக்கிழமை தன் பேஸ்புக் பக்கத்துல தனியா எச்சரிக்கை போட்டிருக்கா. எல்லாம் சரியா எழுதினவளுக்கு அது எதுக்கு?”

போனில் அந்தப் பதிவை எடுத்துக் காட்டினேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

யூஜினா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோபம்கூட இல்லை. புரியாமல் பார்த்தாள். “ஏகாம்பரம் அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே” என்றாள்.

ஏகாம்பரத்துக்கு இரண்டு பெண்கள், மூத்தவளுக்குத் தையில் கல்யாணம். தரையைப் பார்த்தபடி, “எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார்” என்றார்.

நவம்பர் 3, வெள்ளி

யூஜினாவை அனுப்பிவிட்டார்கள். ‘கவனக்குறைவாக இருந்த கட்டுரையாளர் நீக்கப்பட்டார்’ என்று இதழின் பேஸ்புக் பக்கத்திலும் அறிவிப்புப் போட்டோம். வாசகம் என்னுடையது. இனி எந்தப் படகுச் சங்கமும் அவளைப் பயிற்சி கொடுக்கக் கூப்பிடாது என்றார் ஏகாம்பரம், யாரிடமோ சொல்வதுபோல. ஆளைக் கொன்றவள் என்று பேராகிவிட்டதாம். பையை எடுத்துக்கொண்டு போகும்போது என் மேஜைப் பக்கம் நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன் மேடம். அந்த ஐயா உங்ககிட்ட பேசவே இல்லையா? எல்லாத்துக்கும் இங்க போன் போட்டுக் கேக்குற மனுசனாச்சே.”

“இல்லை” என்றேன்.

மாலையில் கேப்டன் கூப்பிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினார். “நான் உன்னை எதுவும் கேக்கப்போறதில்ல அனுசூயா. கேட்டா நீ பொய் சொல்லணும், நான் நம்பணும். ரெண்டு பேருக்கும் வேலை. நாற்காலி உனக்குத்தான். டிசம்பர் இதழ்லேர்ந்து உன் பேரு போட்டுக்கோ.”

வீட்டுக்கு வரும் வழியில் அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 7, செவ்வாய்

குலசேகரனின் மகள் போன் செய்தாள். பெயர் நப்பின்னையாம். அப்பன் வைத்த பெயர், வேறு எப்படி இருக்கும்? திங்கட்கிழமை பதினாறாம் நாள் காரியம். காலையில் சடங்கு முடிந்ததும் படத்திறப்பு.

“அப்பா உங்க எழுத்தைப் பத்திப் பேசாத நாளே கிடையாது மேடம். நீங்கதான் படத்தைத் திறந்துவைக்கணும். நாலு வார்த்தை பேசணும். அம்மாவும் அதையேதான் சொல்றாங்க.”

குரலில் மரியாதை. அழுகைகூட இல்லை. படித்த பெண் போலிருக்கிறது. கேப்டனிடம் சொன்னேன். போகத்தான் வேண்டும், இதழுக்கும் நல்லது, நானும் வருகிறேன் என்றார்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. நாளைக்குப் பேசவேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நவம்பர் 13, திங்கள்

குரோம்பேட்டையில் ஒரு சின்ன மண்டபம். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். மின்வாரியத்து ஆட்கள், தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள். வெள்ளைச் சுங்குடி கட்டிக்கொண்டு போயிருந்தேன். நப்பின்னை வாசலிலேயே கைகூப்பி அழைத்துக்கொண்டுபோய் முன்வரிசையில் உட்காரவைத்தாள். பக்கத்தில் கேப்டன். குலசேகரனின் மனைவி ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வணங்கினேன். அவரும் வணங்கினார்.

திரையை விலக்கினேன். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, மொட்டைமாடியில் காற்றடித்த கயாக்கில் உட்கார்ந்திருந்தார் மனிதர். கையில் துடுப்பு. பல் தெரியச் சிரிப்பு. அவரை நான் பார்த்ததே இன்றைக்குத்தான்.

பேசினேன். நன்றாகவே பேசினேன். ஒரு பத்திரிகையைச் செதுக்குவது அதன் வாசகர்தான் என்றேன். என் தவறுகளை அன்போடு சுட்டிக்காட்டிய அண்ணன் என்றேன். இரண்டு மூன்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. எழுதிவைக்காத ஒன்றையும் சொன்னேன்.

“போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எனக்குப் போன் பண்ணார். ‘மழை பெஞ்சிருக்கு, இப்ப வேண்டாம் அண்ணே, தை பொறக்கட்டும், நானே கூட வரேன்’னு சொன்னேன். கேக்கலையே! எங்க அண்ணன் கேக்கலையே!”

என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. வராமல் என்ன செய்யும்? மண்டபமே விம்மியது. ஒரு பெரியவர் எழுந்து கைகூப்பினார்.

உட்காரப் போனேன். நப்பின்னை மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“மேடத்துக்கு நன்றி. ஒரு விஷயம் சொல்லணும். அப்பாவுக்குக் காது மந்தம். போனை எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவார். அன்னிக்கு நானும் அம்மாவும் பக்கத்துலதான் இருந்தோம். கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தோம்.”



அன்றைக்குப் போனில் நான் கொடுத்த பதிலை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள், என் குரலில், என் இழுவையில்.

“‘மழை பெஞ்சிருக்கே, முகத்துவாரத்தை வெட்டிட்டாங்களா மேடம்’னு அப்பா ரெண்டு தடவை கேட்டார். ‘அதெல்லாம் ஒண்ணும் வெட்டல, எனக்கு நேத்துதான் தகவல் வந்துச்சு’ன்னு சொன்னீங்க. ‘அச்சுல வந்ததுக்கு மேல உங்களுக்கு என்ன அத்தாட்சி வேணும், குத்தம் சொல்றதுக்குன்னே சந்தா கட்டறீங்களா’ன்னு கேட்டீங்க. ‘போயிட்டு வந்து எழுதுங்க பாப்போம், தண்ணியப் பாத்து பயமா இருந்தா கோயில் குளத்துல போய் ஓட்டுங்க’ன்னு சொல்லிட்டு வச்சிட்டீங்க. அப்பா சிரிச்சார். ‘பாரும்மா, மேடம் சவால் விடறாங்க’ன்னார். நான்தான் போகவேண்டாம்னேன். ‘நேத்து தகவல் வந்திருக்காம்டி, பத்திரிகைக்காரங்களுக்குத் தெரியாததா’ன்னார்.”

 கைகூப்பிய பெரியவரின் கை அப்படியே நெஞ்சில் இருந்தது.

“இன்னும் ஒண்ணு. யூஜினான்னு ஒரு பொண்ணு அப்பா போன அன்னிக்கு முழுக்க அந்தக் கரையில நின்னு தேடியிருக்கா. உடம்பை அடையாளம் காட்டப் போனப்ப என் கையப் புடிச்சிக்கிட்டு இருந்தது அவதான். அவமேல பழி போட்டு வெளிய அனுப்பினாங்கன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது. அதனாலதான் மேடத்தைக் கூப்பிட்டோம். எல்லார் முன்னாடியும் என்ன சொல்லுவாங்கன்னு கேக்கணும்னு அம்மா ஆசைப்பட்டாங்க. கேட்டுட்டோம்.”

மைக்கை வைத்துவிட்டுப் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நான் கேப்டனைப் பார்த்தேன். அவர் எழுந்து, படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே வெளியே போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. நானும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வழியில் குலசேகரனின் மனைவி வந்து நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பிடி.

“எங்க கெளம்பிட்டீங்க? காரியத்துக்கு வந்துட்டு சாப்பிடாமப் போகக்கூடாது.”

“இல்லம்மா, எனக்கு...”

“வாங்க.”

அழைத்துக்கொண்டுபோய் பந்தியில் முதல் இலையில் உட்காரவைத்தார். எதிர்வரிசையில் உட்கார்ந்தவர்கள் யாரும் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிமாற வந்த ஆளை ஒதுக்கிவிட்டு அந்த அம்மாவே வாளியை வாங்கிக்கொண்டார். சாதம் வைத்தார். சாம்பார் ஊற்றினார். கூட்டு, பொரியல், வடை, பாயசம். ஒவ்வொன்றாக, நிதானமாக.

“எல்லாம் அவருக்குப் பிடிச்சது. சாப்பிடுங்க.”

கை இலைக்குப் போகவில்லை. அவர் நகரவும் இல்லை. கரண்டியைப் பிடித்தபடி என் தலைக்கு மேல் நின்றார்.

சாப்பிட்டேன். தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினேன். இலை காலியானதும் மறுபடி சாதம் வைத்தார்.

“போதும்மா” என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

“இன்னும் கொஞ்சம்” என்றார். வைத்தார்.